விளக்குப் போன பிறகு சொன்ன கணக்கு

கணக்கு என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது காதைத் திருகிய விரல்கள்தான். எனக்கு அப்படியில்லை. எனக்கு ஆரஞ்சுப் பழ வாசனை வரும். அதன் பின்னாலேயே கரியடுப்புப் புகையும், சாக்பீஸ் தூளும், மண்குவளையில் ஊற்றிய தேநீரும் வரும். என் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள், அதனால் அவர்களிடம் சொல்வதை விட்டுவிட்டேன். கல்கத்தாக் குளிரில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள் நீங்கள். உங்களிடம் சொல்லலாம்.

அது பாலிகஞ்சில் நாங்கள் வாடகைக்கு இருந்த காலம். மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் புகை இறங்கிவிடும். வீட்டுக்கு வீடு கரியடுப்பு மூட்டிய புகை. அது மேலே போகாது, கீழேயும் தங்காது, ஆள் உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளைக் கரைத்துவிட்டது போல இருக்கும். எதிரே வருகிறவரின் கால் முதலில் தெரியும், பிறகு குரல் கேட்கும், கடைசியில்தான் முகம். இப்போது அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் அதில் நடந்த எல்லாமே எனக்கு அந்த வரிசையில்தான் வருகிறது.

எங்களோடு சித்தி இருந்தாள். அம்மாவின் தங்கை. அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துக் காலமான பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள், இங்கேயே படித்து, ஒரு பெண்கள் கல்லூரியில் கணக்கு விரிவுரையாளராகவும் ஆகிவிட்டாள். பிறந்ததே கல்கத்தாவில் என்பதால் வங்காளம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தமிழ் வீட்டுக்குள்தான். அதுவும் எங்கள் திருநெல்வேலித் தமிழ், அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ஒரே கவலை, சித்தியின் கல்யாணம். அப்பா வங்கி அதிகாரி. தாய் தகப்பன் இல்லாத பெண்ணைக் கரையேற்ற வேண்டியது தன் பொறுப்பு என்று நினைத்தார். நல்ல மனிதர், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சிலர் வந்து பார்த்தார்கள். ஒருவருக்குப் பெண் அதிகம் படித்துவிட்டாள், இன்னொருவருக்கு நிறம் குறைவு. ஒருவரைச் சித்தியே வேண்டாமென்று சொன்னாள். கேட்டதற்கு, "அவுகளுக்கு நான் பேசுனாலே கொட்டாவி வருது அத்தான்" என்றாள். அப்பாவுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அன்று இரண்டையும் செய்தார்.

இதற்கிடையில்தான் தெரு கிளப்பின் காரியதரிசி வந்தார். கிளப் என்றால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. இரண்டு கேரம்போர்டு, நாலு பெஞ்சு, பூஜைக் காலத்துத் தோரணங்களை அடைத்த ஒரு தகரப்பெட்டி, அவ்வளவுதான். குழந்தைகள் நாங்கள் அவரைக் காக்கு, அதாவது சித்தப்பா, என்று கூப்பிடுவோம். குளிரோ வெயிலோ, கழுத்தில் மஃப்ளர் இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. தெருவில் எல்லோருக்கும் கணக்கென்றால் நடுக்கம், தை கடைசியில் வங்காளிகளின் சரஸ்வதி பூஜை வரும்வரை சனிக்கிழமை தோறும் சித்தி வந்து பேச வேண்டும், பரீட்சைக் கணக்கு வேண்டாம், கடைக்கும் பஸ்ஸுக்கும் ஆகிற கணக்காக இருக்கட்டும் என்று கேட்டார். அவர் சித்தியை திதிமோனி என்றுதான் அழைப்பார். டீச்சரம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். பிறகு, நாலு பேர் பார்க்கிற மாதிரி இருப்பதும் நல்லதுதான் என்று சம்மதித்தார். யார் அந்த நாலு பேர் என்பதை அவர் அப்போதே நினைத்துவிட்டாரோ என்னவோ.

முதல் சனிக்கிழமை பஸ் கணக்கு. நெடுநேரம் ஒரு பஸ்ஸும் வராது, வந்தால் ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு இரண்டு வரும், ஏன்? பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து சக்கரம் வைத்த கரும்பலகை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு சக்கரம் சுழலாமல் கிறீச்சென்று கத்தும். சித்தி அதில் ஒன்றும் எழுதவில்லை. குழந்தைகளைப் பஸ்களாக்கி, பெரியவர்களைப் பயணிகளாக்கி, அறைக்குள் நடத்தினாள்.

"ஏட்டி, நீ லேட்டு பஸ்ஸு. மெதுவா நட" என்றாள் என்னிடம்.

நான் மெதுவாக நடந்தேன். தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். கூட்டம் ஏறி இறங்குவதற்குள் இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆளே இருக்காது, விறுவிறுவென்று வந்து முன்னதன் முதுகில் முட்டும். என் முதுகில் வந்து முட்டியவன் காரியதரிசியின் கடைக்குட்டி. எல்லோரும் சிரித்தார்கள். அப்போது வாசலிலிருந்து ஒரு குரல், தமிழில், அதுவும் எங்கள் ஊர்த் தமிழில்.

"அப்ப பின்னால வார பஸ்ஸுல ஏறுனா உக்காந்து போலாம்லா?"

சித்தியின் கையிலிருந்து சாக்பீஸ் துண்டு விழுந்தது. அந்த அறையில் எங்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. அப்பாவும் அன்று வரவில்லை. சித்தி வாசலைப் பார்த்து, "போலாம். நிக்கதுக்குப் பொறுமை இருந்தா" என்றாள். பிறகு கேள்வியையும் பதிலையும் வங்காளத்தில் சொன்னாள், காரியதரிசி கை தட்டினார்.

அவர் உள்ளே வந்தார். உயரமாக, ஒல்லியாக, கையில் ஒரு ரொட்டிப் பொட்டலத்தோடு. ரயில்வேயில் அதிகாரி, திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், கார்டன் ரீச்சில் குவார்ட்டர்ஸ். தெருமுனையில் பஸ்ஸுக்குக் காத்துக் காத்துச் சலித்துப் போயிருந்தபோது, பஸ் ஏன் வரவில்லை என்று ஒலிபெருக்கி சொல்வதைக் கேட்டு வந்துவிட்டாராம். எங்கள் வீட்டில் அவருக்குக் கார்டன் ரீச்காரர் என்றே பேராகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஆரஞ்சு. கூடை கூடையாக டார்ஜிலிங் ஆரஞ்சு வந்து இறங்கும் மாதம் அது. பழக்காரர்கள் ஏன் ஒன்றன் மேல் ஒன்றாக வைக்காமல், கீழே உள்ள பழங்களுக்கு நடுவில் விழும் பள்ளத்தில் அடுத்ததை உட்கார வைக்கிறார்கள் என்று கணக்கு. ஒரு மேசை நிறையப் பழம். சித்தி அடுக்க, கார்டன் ரீச்காரர் எடுத்துக் கொடுத்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவராகவே வந்து நின்றுகொண்டார். கோபுரம் முடிந்ததும், "இதுல எந்தப் பழத்தை எடுத்தா சரியாது?" என்று கேட்டார். "மேல உள்ளதை. இதுக்குக் கணக்கு எதுக்கு?" என்றாள் சித்தி. அவர் உச்சியிலிருந்த பழத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். இந்த வயதுவரை எத்தனையோ ஆரஞ்சு தின்றிருக்கிறேன், அந்தப் பழம் போல இல்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் வந்தார். கூட்டம் முடிந்ததும் எங்களோடு வீட்டு வாசல் வரைக்கும் நடந்து வருவார். நான் நடுவில். இரு பக்கமும் புகை. என் தலைக்கு மேலே அவர்கள் பேச்சு போய்க்கொண்டிருக்கும். ரயில் கால அட்டவணை, மழை பெய்யும்போது ஓடினால் அதிகம் நனைவோமா குறைய நனைவோமா, இப்படி. சித்தியின் குரல் வீட்டில் கேட்கிற குரலாக இருக்காது. கொஞ்சம் தாழ்ந்து, நிதானமாக, அடுத்த சொல்லைத் தேடாமல் வரும். எனக்கு ஒன்றும் புரியாது, ஆனால் வீடு இன்னும் தள்ளி இருக்கக்கூடாதா என்றிருக்கும். அவர் ஒருநாளும் மாடிக்கு வந்ததில்லை. வாசல் விளக்குக்குக் கீழே நின்று, "அப்ப வாரேன்" என்பார். சித்தி உள்ளே போனதும் பால்கனிக்குப் போவாள். புகையில் ஒன்றும் தெரியாது, இருந்தாலும் நிற்பாள்.

ஒரு சனிக்கிழமை அப்பாவும் கூட்டத்துக்கு வந்தார். கார்டன் ரீச்காரரைப் பார்த்தார், விசாரித்தார். நம்மவர்தான், சைவம்தான், ஜாதகம் கிடைக்கும் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. சித்தியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவருடைய ஊருக்கு எழுதிப்போட்டார். ஜாதகம் பொருந்தியது. கங்கையில் முழுக அவருடைய அம்மா கல்கத்தாவுக்கு வருவதாக இருந்தார்கள். அப்படியே பெண்ணையும் பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

இங்கேதான் அப்பா தன் மூளையைச் செலவழித்தார். சமையலறையில் நடந்த அந்தப் பேச்சை அம்மா பிற்பாடு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"அவகிட்டச் சொல்லாண்டாம். சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுவா. போன தடவை அப்படித்தான ஆச்சு?"

"சொல்லாம எப்படிங்க?"

"நம்ம ஊர்ல கோயில்ல வச்சுப் பிள்ளையப் பாக்கது இல்லையா? பிள்ளைக்குத் தெரியவா செய்யும்? அது பாட்டுக்குச் சாமி கும்பிடும். இவுக தள்ளி நின்னு பாத்துக்கிடுவாக. பிடிக்கலேன்னாலும் பிள்ளைக்கு மனசு சங்கடம் இல்ல. இங்க கோயிலுக்குப் பதிலா கிளப்பு. அவ பேசுத அழக அவுக அம்மா பாக்கட்டும்."

உங்களுக்கும் தெரியும், அந்த வழக்கத்தில் ஒரு கருணை இருக்கிறது. நிராகரிக்கப்பட்டது பெண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அப்பா ஒன்றை யோசிக்கவில்லை. கோயிலில் பெண் வாயைத் திறக்கமாட்டாள்.

இன்னொரு சங்கதி, அப்பாவுக்கு மட்டுமல்ல, அன்று யாருக்குமே தெரியாதது. சித்தியும் அந்தச் சனிக்கிழமைக்கு ஒன்று வைத்திருந்தாள். கார்டன் ரீச்காரரிடம் சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பெண் போய்ச் சொல்வது நம் வீடுகளில் அன்றைக்கு ஏது? எங்கே நின்றால் அவளுக்கு வாய் தடுமாறாதோ, அங்கே நின்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

அந்த மாலை நான் கிளப்புக்குப் போனபோது அப்பா என் கையைப் பிடித்து முன்வரிசையில் ஒரு புதிய ஆச்சியின் பக்கத்தில் உட்காரவைத்தார். நெற்றி நிறைய விபூதி, இரண்டு மூக்கிலும் வைரம், பட்டுப் புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சால்வை. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். "ஆச்சிக்கு வங்காளம் தெரியாது. சித்தி பேசுததை நீ தமிழ்ல சொல்லு" என்றார் அப்பா. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கார்டன் ரீச்காரர் வழக்கம்போலக் கடைசியில் நின்றார். புதுச் சட்டை. அவருக்குத் தன் அம்மா வந்திருக்கும் காரணம் தெரியும். சித்திக்கும் தெரியும் என்றுதான் அவர் நினைத்திருந்தார். பெண்ணுக்குச் சொல்லாமல் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

சித்தி மீன் கணக்கில் ஆரம்பித்தாள்.

கரியாஹாட் சந்தையில் மீன் வாங்கப் போகிறீர்கள். ஒரு கடை தாண்டி ஒரு கடை. தாண்டிய மீனை வேறொருவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார், திரும்பி வந்தால் இருக்காது. முதல் கடையிலேயே வாங்கினால் பின்னால் இருந்த நல்ல மீன் போச்சு. கடைசிவரை போனால் நாறல்தான் மிச்சம். எங்கே நிற்பது? கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சித்தி, மீன் நல்லதா என்று முகர்ந்து பார்க்க வேண்டும் என்றாள். "முகர்வதா! செவுளைத் தூக்கிப் பாருங்கள் திதிமோனி, செவுளை!" என்று நாலைந்து பேர் கூவினார்கள்.

"என்னட்டி சொல்லுதா?" என்று ஆச்சி கேட்டார்கள்.

"மீன் வாங்குததைப் பத்தி சொல்லுதா ஆச்சி."

"முருகா! நாம சைவம்லா?"

"வாங்க மாட்டா ஆச்சி. கணக்குதான்."

ஆச்சி சால்வையை இழுத்து மூக்கை மூடிக்கொண்டார்கள், மீன் அங்கேயே இருப்பது போல. அப்பா நெளிந்தார். ஆனால் அதுவரை குடி முழுகிவிடவில்லை.

சித்தி கையில் வைத்திருந்த பச்சைக் குடையால் மேசையைத் தட்டிக் கூட்டத்தை அமைதியாக்கினாள். "மீனை விடுங்கள். எங்கள் வீட்டுக்கு மீன் வருவதில்லை. மாப்பிள்ளைகள்தான் வருகிறார்கள்" என்றாள். கூரை அதிரச் சிரித்தார்கள். அவள் சொன்னதைச் சொன்னபடி நான் ஆச்சிக்குச் சொன்னேன். என் தோளில் இருந்த அப்பாவின் கை இறுகியது. சித்தி பேசிக்கொண்டே போனாள். மாப்பிள்ளைகளும் ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள். போனவர் திரும்பமாட்டார், வரப்போகிறவர் எப்படியென்று தெரியாது. ஆகவே கணக்கு என்ன சொல்கிறதென்றால், முதலில் வருகிற சிலரை, சுமாராக மூன்றில் ஒரு பங்கு ஆட்களை, எத்தனை நல்லவர்களாக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

அந்த இடத்தில் விளக்குப் போயிற்று.

அந்த நாட்களின் மின்வெட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முதலில் ஒலிபெருக்கி ஒரு முனகலோடு அடங்கும். பிறகு தெரு முழுக்க ஒரே குரலாக "ஜாஹ்!" என்று ஒரு பெருமூச்சு. அப்புறம் தீப்பெட்டி உரசும் ஓசை அங்கங்கே. எனக்கு அந்தச் சில நொடி இருட்டு எப்போதும் பிடிக்கும். தண்ணீருக்குள் முங்கியது மாதிரி இருக்கும்.

"வேண்டாம்னு சொல்லணும்னா சொன்னா?" என்றது பக்கத்தில் ஆச்சியின் குரல்.

"ஆமா ஆச்சி."

சால்வை சரசரத்தது. ஆச்சி எழுந்துவிட்டார்கள். அப்பாவின் டார்ச் வெளிச்சம் தரையில் ஓடியது. பின்னாலிருந்து வேகமாக ஒருவர் வந்து ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கக் கதவு திறந்து, புகையும் குளிரும் உள்ளே வந்து, மறுபடி மூடியது. என்னை அப்பா மறந்துவிட்டார்.

காரியதரிசி ஒரு அரிக்கேன் விளக்கை மேசைமேல் வைத்தார். சித்தியின் முகமும் கையும் மட்டும் தெரிந்தன. மைக் இல்லாமல் அவள் குரல் சின்னதாகிவிட்டது. எல்லோரும் பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"பயந்துவிடாதீர்கள். கணக்கு இன்னும் பாதி இருக்கிறது" என்றாள். "அந்தச் சிலரில் யார் சிறந்தவரோ அவரை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள், அவரையும் மிஞ்சிய ஒருவர் வருவார். வந்ததும் நின்றுவிட வேண்டும். இன்னும் நல்லவர் வரலாம் என்று ஆசைப்படக்கூடாது. அதற்குமேல் பார்க்கவே கூடாது. வந்துவிட்டார் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்."

இதைச் சொல்லும்போது அவள் கூட்டத்தைப் பார்க்கவில்லை. விளக்கொளி எட்டாத கடைசிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சற்று நிறுத்தி, தமிழில் சொன்னாள்.

"வந்தாச்சுன்னு சொல்லிரணும்."

இருட்டிலிருந்து தமிழில் பதில் வரவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எனக்காகத்தான் தமிழில் சொன்னாள் என்று நினைத்து நான் தலையை ஆட்டினேன்.

வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அது எங்கள் வீட்டில் அன்று நடந்தது. அப்பா ஆச்சியை டாக்சி ஏற்றிவிட்டு வந்து மாடிப்படியிலேயே ஆரம்பித்தார். "அவுக அம்மாவ முன்னால உக்கார வச்சிக்கிட்டு இப்படியா பேசுவ? வார மாப்பிள்ளையெல்லாம் வேண்டாம்னு சொல்லணுமாம்லா!"

சித்தி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அவுக அம்மாவா? முன்னால இருந்த அந்த ஆச்சியா?" என்றாள்.

"பின்ன? பொண்ணு பாக்க வந்தாக."

"அவுக? பின்னால நின்னாகளே, முழுசும் கேட்டாகளா?"

"எதைக் கேக்க? கரண்டு போனதும் அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

சித்தி செருப்பைக் கழற்றினாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்து, கையில் இருந்த சாக்பீஸ் தூளைக் கழுவினாள். தண்ணீர் நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்து, "பெறகு ஒருத்தர் வருவாரு, அவர் வந்ததும் நின்னுரணும்னும் சித்தி சொன்னாம்மா" என்றேன். "மீன் கதைய விடுட்டி, பேசாம படு" என்றாள் அம்மா. அம்மாவைக் குற்றம் சொல்லி என்ன? அப்பாவின் குரலுக்கும் தங்கையின் மௌனத்துக்கும் நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

சித்தி ஏன் வாய்திறந்து சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்கு விளக்க முடியவில்லை. அக்காள் புருஷனிடம் நின்று, எனக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறது என்று சொல்கிற வாய் அன்று எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு இருந்தது? அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.

கல்யாணம் நிச்சயமாகும் வரை பேச்சும் வேண்டாம் கூட்டமும் வேண்டாம் என்று அப்பா காரியதரிசியிடம் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை கிளப்பில் ஆர்மோனியப் பெட்டி வைத்து யாரோ பாடினார்கள். நானும் சித்தியும் பால்கனியில் நின்றோம். புகைக்குள் முதலில் இரண்டு கால்கள் தெரிந்தன. கிளப் வாசல் வரை போயின, நின்றன, காரியதரிசியின் குரல் ஏதோ சொன்னது. பிறகு அந்தக் கால்கள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, தெருவின் நடுவில் நின்றன. சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு வேண்டாமென்று போனவர்கள் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. பெண் கூப்பிடும் வழக்கமும் இல்லை. கால்கள் போய்விட்டன. நான் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். அந்த ஆனியில் அவருக்கு ஊரில் கல்யாணம் நடந்ததாக அப்பாவே எங்கிருந்தோ கேட்டு வந்து சொன்னார், சித்திக்குக் குத்திக்காட்டுவது போல.

அதற்குப் பிறகும் மாப்பிள்ளைகள் வந்தார்கள். வீட்டில் வைத்தே பெண் பார்த்தார்கள், அப்பா பாடம் கற்றுக்கொண்டிருந்தார். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி. சித்தி கட்டச் சொன்ன புடவையைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. சித்தி ஒவ்வொரு முறையும் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். "படிச்ச திமிர்" என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தான் பொறுப்பில் தவறிவிட்டோம் என்ற வேதனைதான் அவருக்குள் இருந்தது. எனக்கு இப்போதும் அவர்மேல் கோபம் வருவதில்லை, வருத்தம்தான் வருகிறது. கல்யாண வயது தாண்டியதும் தடை தானாக நீங்கி, சித்தி மறுபடி பேசப் போனாள். எத்தனையோ கிளப், எத்தனையோ பள்ளிக்கூடம். பஸ் கணக்கு சொல்வாள், ஆரஞ்சுக் கணக்கு சொல்வாள். மீன் கணக்கை அவள் சொல்லி நான் மறுபடி கேட்டதில்லை.

இப்போது கல்கத்தாவின் ஓரத்தில், நியூ டவுனில் பதினோராம் மாடியில் நானும் சித்தியும் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் இல்லை, என் பிள்ளைகள் வெளியூரில். சித்திக்குக் காதுக் கருவியும் நாலுகால் கம்பும் வந்துவிட்டன. புகை இல்லை, கரியடுப்பு இல்லை. குளிர்காலம் என்று பேருக்கு ஒன்று வந்துபோகிறது. போன மாதம் எங்கள் அடுக்ககத்து ஹாலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் 'அன்றாட வாழ்வில் கணக்கு' என்று பேச்சு வைத்தார்கள். பேசியது ஜீன்ஸ் போட்ட ஒரு சின்னப் பெண். திரையில் படம் படமாக ஓடியது. சித்தி முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிப்பதற்கு ஒரு நொடி முன்னால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிறு அந்தப் பெண், கார் நிறுத்த இடம் தேடுவது, ஃப்ளாட் வாங்குவது என்று ஆரம்பித்து, அதே கணக்கைச் சொன்னாள். முதல் சிலவற்றை விட்டுவிடு, அவற்றை மிஞ்சியது வந்ததும் நின்றுவிடு. இரண்டு பாதியையும் வெளிச்சத்தில் அடுத்தடுத்துக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கணக்கில் நான் மக்கு. மீன் கதை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். அரிக்கேன் விளக்கொளியில் கடைசிச் சுவரைப் பார்த்த முகம் கண்முன் வந்து நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் மேலும் சொன்னாள், இந்த விதியில் ஓர் அபாயம் உண்டு, மிகச் சிறந்தவர் விட்டுவிடுகிற அந்த முதல் சிலரிலேயே வந்து போய்விட்டால், அவரை மிஞ்ச ஒருவரும் வரமாட்டார், கடைசிவரை காத்திருந்து வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். சித்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்து வெயிலில் மெல்ல நடந்தோம். செடிகளுக்குக் குழாயில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தி, கார்டன் ரீச்காரர் அந்த முதல் சிலர்லயே வந்துட்டாரோ? அதான் பெறகு வந்தவுக ஒருத்தரையும் ஒனக்குப் பிடிக்கலையோ?"

சித்தி நின்றாள். கம்பை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவரைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை.

"முதல் சிலர்ல இல்லட்டி. அதெல்லாம் முடிஞ்ச பெறகுதான் அவுக வந்தாக. நான் அன்னைக்கே நிறுத்திட்டேன்."

"பெறகு எத்தனை பேர் வந்தாக சித்தி! எல்லாரையும் பாத்தியே?"

"நான் எங்கட்டி பாத்தேன்?" என்றாள் சித்தி. "அவுகல்லா என்னையப் பாத்தாக."